பூட்டிக் கிடக்கும் பழைய வீடு முதியோர் பகல் இல்லம் ஆகுமா? ஐஸ் ஹவுஸ் சொல்லித்தரும் பாடம்

தரமணியில் ஒரு நாள் காலை எட்டரை மணிக்குத் தெருவில் நின்று பாருங்க. பறக்கும் ரயிலிலிருந்து இறங்கும் கூட்டம் ஒரு பக்கம், கம்பெனிக்கு விரையும் டூவீலர்கள் இன்னொரு பக்கம். பத்து மணிக்குள் தெரு அடங்கிவிடும். அதற்குப் பிறகு வீடுகளில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் பெரியவர்கள்தான். மகனும் மருமகளும் வேலைக்குப் போயாச்சு, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயாச்சு. சாயங்காலம் வரை டி.வி.தான் துணை. கீழே விழுந்தால்கூடக் குரல் கேட்க ஆள் இல்லை.

சென்னையின் பழைய பகுதிகளில் அப்படி ஒரு தெருவின் கோடியிலேயே ஒரு பழைய வீடு பூட்டிக் கிடக்கும். கூரையில் பாதி சரிந்திருக்கும், சுவரில் அரசங்கன்று வேர் விட்டிருக்கும். கடந்து போகும்போது உங்களுக்கே தோன்றியிருக்கும்: "இதைச் சரிபண்ணி, பெரியவங்க பகல்ல வந்து உட்கார ஒரு இடமா ஆக்கினா என்ன?"

நல்ல எண்ணம்தான். ஆனால் யாரிடம் கேட்பது, எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் அது எண்ணத்தோடு நின்றுவிடுகிறது. இந்த இதழின் பாடம் அதைப் பற்றித்தான். முதலில் நம் சென்னையிலேயே நடந்த ஓர் உண்மைக் கதை. பிறகு, கையில் இருக்கும் போனை வைத்து நீங்கள் செய்யக்கூடிய வேலைகள், வரிசையாக.

ஐஸ் கிடங்கு விடுதியான கதை

திருவல்லிக்கேணி கடற்கரையில் அரைவட்ட முகப்போடு நிற்கும் விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்திருப்பீர்கள். பழைய ஆட்கள் இன்றும் அந்த இடத்தை ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்வார்கள். பெயருக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரெடரிக் டூடர் 1842-ல் கட்டிய ஐஸ் கிடங்கு அது. அங்கே குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியைப் பாளம் பாளமாக வெட்டி, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள். பின்னால் இயந்திரத்தில் ஐஸ் செய்யும் முறை சென்னைக்கே வந்துவிட்டது. கப்பல் ஐஸுக்கு வேலை போயிற்று. கிடங்குக்கும் வேலை போயிற்று.

அதோடு அது இடிந்து போயிருக்கலாம். உயர்நீதிமன்ற வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கினார். ஐஸ் வைக்கிற கட்டடத்துக்கு வெளிச்சமும் காற்றும் தேவையில்லை, மனிதர் வாழ்கிற வீட்டுக்கு அவை தேவை. அவர் ஜன்னல்கள் வைத்தார், தாழ்வாரங்கள் சேர்த்தார், நீதிபதி கெர்னன் நினைவாகக் கெர்னன் கோட்டை என்று பெயரும் வைத்தார். மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் தங்கியது இந்த வீட்டில்தான். அதன்பின் சுவாமி ராமகிருஷ்ணானந்தர் இங்கிருந்தே சென்னை மடத்தின் பணியைத் தொடங்கினார். பிலிகிரி ஐயங்கார் காலமானதும் கட்டடம் ஏலத்துக்குப் போனது, மடம் வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று.

இங்கேதான் சகோதரி சுப்புலட்சுமி வருகிறார். 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம், அந்த வயதிலேயே விதவைக் கோலம். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு மிச்சம் இருந்தது வீட்டின் பின்கட்டு மட்டும்தான். ஆனால் அவருடைய அப்பா அவரைப் படிக்க வைத்தார். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறி, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி ஆனார். மறுவருஷமே தம்மைப் போன்ற சில விதவைச் சிறுமிகளைத் தம் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கத் தொடங்கினார். பிள்ளைகள் கூடிக்கொண்டே போனார்கள், வீடு போதவில்லை. அப்போது கைகொடுத்தது கடற்கரையில் இருந்த பழைய ஐஸ் கிடங்கு. 1917-ல் கட்டடம் அரசின் கைக்கு வந்தது. விதவைப் பெண்கள் அங்கே தங்கிப் படித்தார்கள், ஆசிரியைகளாக வெளியே போனார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு என்றே தொடங்கப்பட்டது. அது அந்தக் காலத்தின் வரம்பு. இன்று நீங்கள் தொடங்கும் இடத்தில் அப்படி ஒரு வரம்புக்கு இடமே கிடையாது.

பிறகு அந்தக் கட்டடம் பல ஆண்டுகள் ஆசிரியப் பயிற்சி பெறுவோரின் விடுதியாக இருந்தது. 1963-ல் விவேகானந்தர் நூற்றாண்டின்போது இப்போதைய பெயர் வந்தது. 1997-ல் அரசு அதை ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்க, இன்று கண்காட்சியும் பண்பாட்டு மையமுமாக இயங்குகிறது.

கதையிலிருந்து நமக்கு வேண்டிய பாடம் மூன்று.

1. கட்டடத்துக்கு அடுத்தடுத்து ஏதோ ஒரு வேலை இருந்துகொண்டே வந்தது. ஆள் புழங்கும் வீட்டில் ஒழுகினால் அன்றைக்கே தெரியும், பூட்டிய வீட்டில் கூரை விழுந்த பிறகுதான் தெரியும்.

2. புது வேலைக்கு ஏற்றபடி மாற்றினார்கள், ஆனால் இடிக்கவில்லை. கிடங்கில் ஜன்னல் திறந்தார்கள், கனத்த சுவர்களை அப்படியே விட்டார்கள்.

3. உரிமை யாரிடம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. உரிமை தனி ஆளிடம் இருந்தவரை, அவர் போனதும் ஏலம் வந்தது. அரசிடம் வந்த பிறகு விடுதிக்கு நிலையான இடம் கிடைத்தது.

இந்த மூன்றாவது பாடத்தைத்தான் நாம் முதலில் செய்யப்போகிறோம்.

முதல் வேலை: வெளியே நின்று பாருங்க, உள்ளே போகாதீங்க

பழைய கட்டடத்தில் எது எப்போது விழும் என்று சொல்ல முடியாது. பூட்டை உடைத்து உள்ளே போவது சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆபத்து. தெருவில் நின்று நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். போன் கேமராவில் இருப்பிடம் பதிவாகும்படி லொக்கேஷனை ஆன் செய்துகொள்ளுங்கள். கதவு எண், தெருப் பெயர், பக்கத்து வீட்டு எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சுவர் தெருப்பக்கம் சாய்ந்து நிற்கிறதா? கூரை தொங்குகிறதா? அப்படியானால் மற்ற எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு, சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் அல்லது நம்ம சென்னை செயலியில் உடனே புகார் கொடுங்கள். தரமணி, மாநகராட்சியின் 13-ஆவது மண்டலமான அடையாறு மண்டலத்தில் வருகிறது. புகார் எண்ணைச் சேமித்து வையுங்கள், பின்னால் உதவும்.

இரண்டாவது வேலை: யாருடைய கட்டடம்?

முக்கால்வாசி முயற்சி இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. போனிலேயே மூன்று இடங்களில் பார்க்கலாம்.

நிலப் பதிவு: தமிழ்நாடு அரசின் நில ஆவண இ-சேவை இணையதளத்தில் பட்டா, சிட்டா விவரங்கள் கிடைக்கும். நகரப் பகுதிக்கு நகர நில அளவைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். மாவட்டம், வட்டம், வார்டு, பிளாக், சர்வே எண் கேட்கும். சர்வே எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வில்லங்கச் சான்று: பதிவுத் துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்க விவரத்தைப் பார்க்கலாம். யார் யாருக்கு விற்றார், அடமானம் இருக்கிறதா, பாகப்பிரிவினை நடந்திருக்கிறதா என்பது அதில் தெரியும். மிகப் பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

தகவல் உரிமை மனு: கட்டடம் ஏதோ ஓர் அரசுத் துறையுடையது என்று சந்தேகமா? தமிழ்நாடு அரசின் ஆன்லைன் தகவல் உரிமை இணையதளத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள்: "இன்ன சர்வே எண்ணில் உள்ள கட்டடம் எந்தத் துறையின் பொறுப்பில் உள்ளது? கடைசியாக எந்த ஆண்டு பயன்பாட்டில் இருந்தது? அதன் உறுதி குறித்து ஆய்வறிக்கை உள்ளதா?" 30 நாளில் பதில் வர வேண்டும்.

பதிலைப் பொறுத்து அடுத்த அடி மாறும்.

தனியார் வீடு என்றால், பூட்டு தொங்குவதற்கு அனேகமாக அண்ணன் தம்பி, அக்கா தங்கை இடையே முடியாத பாகம்தான் காரணமாக இருக்கும். ஒருவர் சம்மதித்தால் போதாது, எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். "நம்ம ஆளுதானே" என்று வாய்வார்த்தையில் விட்டால், செலவழித்துச் சரிசெய்த மறுவருஷமே வீட்டைக் காலி செய்யும்படி ஆகலாம். பத்து வருஷத்துக்குக் குறைந்த குத்தகைக்குப் பெரிய செலவில் இறங்காதீர்கள்.

கோயில் சொத்து என்றால் இந்து சமய அறநிலையத் துறை, வக்ஃபு சொத்து என்றால் வக்ஃபு வாரியம். உள்ளூர் நிர்வாகி சொன்னால் மட்டும் போதாது, எழுத்தில் அனுமதி வேண்டும்.

அரசுக் கட்டடம் என்றால் உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் சம்பந்தப்பட்ட துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு கொடுங்கள். 1100 என்ற முதல்வரின் உதவி மையத்திலும் மனுவைப் பதிவு செய்யலாம். மனுவில் "கட்டடத்தைச் சரிசெய்யுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை பெரியவர்கள், எந்த நேரம், எந்தத் தெருக்களிலிருந்து வருவார்கள் என்று கணக்கோடு எழுதுங்கள். தேவை தெரிந்தால்தான் அதிகாரிக்கும் கோப்பை நகர்த்த வழி கிடைக்கும்.

மூன்றாவது வேலை: பாரம்பரியக் கட்டடமா என்று பாருங்க

அண்ணா சாலையில் இருக்கும் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை இடிக்கப் போனபோது வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2010-ல் வந்த தீர்ப்பு, சென்னையின் பழைய கட்டடங்களைக் காப்பதில் ஒரு திருப்பம். நீதிபதி பத்மநாபன் குழு அடையாளம் கண்ட 467 கட்டடங்களை இடிக்கவோ மாற்றவோ சி.எம்.டி.ஏ.வின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் பார்வைக்குப் போக வேண்டும் என்ற நிலை அதிலிருந்து வலுப்பட்டது. உங்கள் கட்டடம் அப்படி ஒரு பட்டியலில் இருக்கிறதா என்று சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் பாருங்கள். இருந்தால் முகப்பு, உயரம், ஜன்னல் எதில் கைவைத்தாலும் முன் அனுமதி வேண்டும்.

பட்டியலில் இல்லாவிட்டாலும் வரலாறு இருக்கலாம். அதைத் தேட ஒரு நல்ல இடம் நம் தரமணியிலேயே இருக்கிறது: ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா ஆயுள் முழுக்கச் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் அதன் அடித்தளம். பழைய பத்திரிகைகள், அழைப்பிதழ்கள், நோட்டீஸ்கள் நடுவே உங்கள் தெருவின் பெயர் வந்தாலும் வரலாம். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கிறது. ஒரு பக்க வரலாறு கையில் இருந்தால் நன்கொடை கேட்கும்போதும் மனு கொடுக்கும்போதும் பேச்சுக்கு எடை கூடும்.

நான்காவது வேலை: தாங்குமா என்று சோதியுங்க

சி.எம்.டி.ஏ.வில் அல்லது மாநகராட்சியில் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். மேஸ்திரி தட்டிப் பார்த்துச் "சொல்ல ஒண்ணுமில்ல சார், நிக்கும்" என்பது அறிக்கை ஆகாது. சுவர், உத்தரம், கூரை, அடித்தளம் என நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பெரிய கட்டடம் அல்லது அரசுக் கட்டடம் என்றால் சம்பந்தப்பட்ட துறை வழியாகப் பெரிய நிறுவனங்களை அணுகலாம். சி.எஸ்.ஐ.ஆர். கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் தரமணியில்தான் இருக்கிறது. பக்கத்தில் ஐ.ஐ.டி.யில் பாரம்பரியக் கட்டமைப்புகளின் பாதுகாப்புக்கான தேசிய மையம் இருக்கிறது. சுவரை உடைக்காமலேயே ஒலி அலை செலுத்தி உள்ளே விரிசலோ பொத்தலோ இருக்கிறதா என்று அறியும் முறைகள் இன்று உண்டு.

நம் பகுதிக்கு இன்னொரு கேள்வியும் அவசியம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கம், வேளச்சேரி பக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்த வீட்டு வாசலில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் இருக்கும் இடத்தில் இடுப்பளவு தண்ணீர் வரும் என்றால், அந்தக் கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஐந்தாவது வேலை: என்ன பயன்பாடு, எந்த அனுமதி?

பகலில் வந்து போகும் இடமா, இரவு தங்கும் இல்லமா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். இரவு தங்கல் என்றாலே பொறுப்பும் பதிவும் கூடும்.

• முதியோர் இல்லம்: மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிவு.
• பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதி அல்லது இல்லம்: 2014-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம்.
• பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளுக்கான இல்லம்: 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு.
• மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லம்: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவு.
• மனநலம் குன்றியோருக்குச் சிகிச்சையோடு தங்குமிடம்: 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு.

இவை தவிர, வீடாக இருந்ததை நிறுவனமாக மாற்றத் திட்ட அனுமதி, தீயணைப்புத் துறையின் ஒப்புதல், சமையல் நடந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகியவற்றையும் விசாரியுங்கள். பதிவில்லாத இல்லத்தில் ஏதாவது நடந்துவிட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டுமில்லை, உங்களை நம்பி வந்தவர்களும்தான்.

ஆறாவது வேலை: பழுதுபார்க்கும் வரிசை

எல்லோரும் முதலில் பெயின்ட்டைத்தான் நினைப்போம். அது கடைசி வேலை. வரிசை இப்படி இருக்கட்டும்.

தண்ணீர் முதலில்: கூரைத் தூம்பு அடைப்பை எடுங்கள், ஒழுகலை நிறுத்துங்கள், மழைத்தண்ணீர் சுவரடியில் தேங்காமல் வழி விடுங்கள். அரசு, ஆல் கன்றுகளை மேலே மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சாந்து வைத்து மூட வேண்டும். ஆனால் பெரிய வேரைப் பிடித்து இழுத்தால் சுவரும் கூடவே வந்துவிடும், ஆகவே தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள்.

அடுத்து கூரை: மெட்ராஸ் டெரஸில் தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல்லைச் சாய்வாக நிறுத்தி அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து இடித்துக் கெட்டித்து, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். உத்தரத்தைக் கரையான் அரித்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். மொத்தக் கூரையையும் இடித்து கான்கிரீட் போட்டால், பழைய சுவர் தாங்க வேண்டிய பாரத்தின் கணக்கே மாறிவிடும்.

பிறகு சுவர்: சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான். அது ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, ஓரிரு மழைக்காலத்தில் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கும் பழைய முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை இழந்த சேப்பாக்கம் கலஸ் மஹாலைப் பொதுப்பணித் துறை பழைய முறையிலேயே மீட்டெடுத்தது. இப்போது அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது.

கடைசியாக, வரப்போகிறவர்களுக்கான மாற்றங்கள். பழைய வீட்டில் திண்ணை உயரம், படி செங்குத்து. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும் என்றால் 1-க்கு 12 என்பது கணக்கு. வாசல் ஒன்றரை அடி உயரம் என்றால் சாய்தளம் 18 அடி நீளம். வாசலில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று டேப் பிடித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் பக்கவாட்டில் திருப்பி விடலாம். குளியலறையிலும் கழிப்பறையிலும் கைப்பிடி, வழுக்காத தரை, வெளியே திறக்கும் கதவு. மின்கம்பி முழுவதும் புதிதாக இருக்கட்டும். ஐஸ் கிடங்கில் ஜன்னல் திறந்தது போல, இருட்டறை இருந்தால் பொறியாளர் சொல்லும் இடத்தில் மட்டும் வெளிச்சத்துக்கு வழி செய்யுங்கள்.

இந்த வார வீட்டுப்பாடம்

1. உங்கள் பகுதியில் பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய கட்டடத்தைத் தேர்ந்து, வெளியிலிருந்து நான்கு போட்டோ எடுங்கள்.
2. சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, வில்லங்க விவரத்தை போனில் திறந்து பாருங்கள்.
3. உங்கள் தெருவில் பகலில் தனியாக இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அவர்களில் மூன்று பேரிடமாவது உட்கார்ந்து பேசுங்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும். நீங்கள் நினைத்தது படுக்கையாக இருக்கும், அவர்கள் கேட்பது சீட்டாட நாலு பேராக இருக்கும்.
4. இந்த எண்களை போனில் சேமியுங்கள்: முதியோர் உதவிக்கு 14567, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416. தனியாக இருக்கும் பெரியவர்களின் போனிலும் சேமித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கட்டடம் கைக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம். சுப்புலட்சுமியும் ஐஸ் ஹவுஸ் கிடைக்கும் வரை காத்திருக்கவில்லை, தம் வீட்டில்தான் தொடங்கினார். மூன்றாவது வீட்டுப்பாடத்தை இன்று சாயங்காலமே செய்துவிடலாம்.